பழைய ஆளுக்குச் சலுகை இல்லை

அரசாங்கம் ஆர்லீன் ஸாஸ்ட்ரோவுக்கு ஒரு நல்லது செய்ய ஆசைப்பட்டது. அந்த ஆசையில் மண்ணைப் போட்டது இர்மா அத்தை.

நல்லது என்னவென்று முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கிற ஒருவரை வேலைக்கு வைத்தால், அவருடைய முதல் வருஷச் சம்பளத்தில் ஒரு பங்கை முதலாளி தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். இதை ஆர்லீனிடம் சொன்னவன் கோர்டி ஹாகன். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்பெஞ்சு. லாங் பாண்ட் ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் வரிக்கணக்கு எழுதுகிறான். மீதிப் பாதி கணக்கே எழுதுவதில்லை.

ஆர்லீனின் பவுலிங் கூடத்தில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குத் தட்டோடு வரிசையில் நின்றபடி கேட்டான்.

"ஆர்லீன், வேலையில்லாத பட்டாளத்துக்காரன் யாராவது கைவசம் இருக்கானா?"

"உப்பு டப்பா இருக்கான்னு கேக்குற மாதிரி கேக்குற."

"இருந்தா வேலைக்கு வச்சுக்கோ. வரியில தள்ளுபடி."

"எவ்வளவு?"

சொன்னான். ஆர்லீன் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

"அவசரப்படாத," என்றான் கோர்டி, மீனைத் திருப்பித் தராமல். "தள்ளுபடி வேணும்னா வரி இருக்கணும். வரி இருக்கணும்னா லாபம் இருக்கணும்."

"போன வருஷம் ஏதோ கொஞ்சம் வந்துச்சே?"

"வந்துச்சு. நானே பாத்தேன். கண்ணு கலங்கிடுச்சு."

ஸாஸ்ட்ரோ பவுலிங் கூடத்தில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க எட்டுத் தடங்கள். முன்பக்கம் மதுக்கவுண்டர், பக்கத்தில் சமையலறை, நுழைந்தவுடன் ஷூ வாடகைக் கவுண்டர். புருஷன் லாயிட் ஸாஸ்ட்ரோ இருந்தவரை, கட்டைகளை நிமிர்த்தும் பின்பக்கத்து இயந்திரங்கள் அவன் பாடு, முன்பக்கத்து மனிதர்கள் ஆர்லீன் பாடு. அவன் இறந்து மூன்று வருஷமாக இரண்டும் அவள் பாடு. அவளுடைய முழங்காலுக்கு மனிதர்கள் ஒத்துக்கொண்டார்கள், இயந்திரங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆளை ஏப்ரல் வரை, அதாவது லீக் ஆட்டங்கள் முடிகிற வரை வைத்துக்கொள்ள முடிந்தால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். தள்ளுபடி இல்லாமல் ஓர் ஆள் என்றால், நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழி வரைதான் தாங்கும்.

கேட்ட மூன்றாவது வாரம், கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த 'ஆள் தேவை' அட்டையைக் கையிலேயே பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தான் ட்ராய் லெபாக்.

லெபாக் வீட்டுப் பையன் என்று ஆர்லீனுக்குத் தெரியும். அம்மாவைத் தெரியும், அம்மாவின் இடுப்பு ஆபரேஷனைத் தெரியும். பையனைத்தான் அவ்வளவாகத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பட்டாளத்தில் லாரி எஞ்சின் பழுது பார்த்தான், பிறகு மேற்கே எங்கேயோ இருந்தான், கம்பெனி மூடி எட்டு மாதமாகிறது, இப்போது அம்மா வீட்டு நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். முப்பத்து நாலு வயசு இருக்கும்.

"இங்க என்னென்ன வேலை இருக்குன்னு தெரியுமா?"

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் மேடம்."

வாலிப வயசுத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

"மேடம் வேணாம். ஆர்லீன்னே கூப்பிடு."

"சரி மேடம்."

"இந்த வேலை கிடைக்கலன்னா என்ன பண்றதா இருந்த?"

"டெக்சாஸ்ல ஒரு மச்சான் இருக்கான். கிடங்குல வேலையாம். பனியே பெய்யாதாம்." பனியே பெய்யாத ஊரைப் பற்றி அவன் சொன்னது, சுவையே இல்லாத சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்கே கோர்டி விண்ணப்பத்தோடு வந்துவிட்டான். கேள்விகளை அவனே வாசித்தான், அவனே சுழித்தான். ஒரு கேள்வியில் மட்டும் தலையை நிமிர்த்தினான்.

"இதுக்கு முன்னாடி இந்த முதலாளிகிட்ட வேலை பாத்திருக்காரா? பாத்திருந்தா சலுகை கிடையாது. ஆளை நிறுத்திட்டு மறுபடி எடுத்து ஏமாத்தக் கூடாதுன்னு வச்சிருக்கான்."

"என்ன கேள்வி இது? முப்பத்தஞ்சு வருஷமா இங்க சம்பளச் செக் எழுதுறவ நான். எனக்குத் தெரியாம இங்க ஒரு எலி வேலை பாத்ததில்ல."

கோர்டியின் பேனா ஒரு நொடி நின்றது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் சுழித்துவிட்டு, தாளை ட்ராயிடம் நீட்டினான். ட்ராய் படிக்கவில்லை. பட்டாளத்தில் காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவார்கள். படிக்கிறவன் வரிசையைத் தாமதப்படுத்துகிறவன்.

ஆளை எடுத்து நாலு வாரத்துக்குள் விண்ணப்பம் தபாலில் போக வேண்டும் என்பது விதி. நாலு வாரம் இருக்கும்போது முதல் வாரமே அனுப்புவது கோர்டியின் தொழில் தர்மத்துக்கு விரோதம். கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்த நாலு வாரமும் ஆர்லீனின் முழங்காலுக்குத் திருவிழா. ட்ராய் காலையில் வந்து எண்ணெய் போட்டான், தடங்களைத் துடைத்தான், ஷூக்களுக்குள் மருந்தடித்தான், அவள் சொல்வதற்கு முன்பே பீர்ப் பீப்பாய் மாற்றினான். நவம்பர் பதினொன்றாம் தேதி படைவீரர் தினத்தன்று மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தான்.

"எங்க போயிருந்த?"

"சாப்பிட மேடம். இன்னைக்கு நெடுஞ்சாலையில இருக்குற அத்தனை ஓட்டல்லயும் எங்களுக்கு இலவசம். அப்பத்துல ஆரம்பிச்சு மாட்டுக்கறி வரைக்கும் போயிட்டேன்." வயிற்றைத் தடவினான். "வருஷத்துல ஒரு நாள் இது தேசத்தோட சொத்து. நாளைக்கு மறுபடியும் என்னோடது."

மறுநாள் வியாழக்கிழமை. லீக் இரவு. எட்டுத் தடத்திலும் ஆள். கோர்டி மூன்றாம் தடத்தில், வழக்கம்போல் மோசமாக ஆடிக்கொண்டிருந்தான். விண்ணப்பத்துக்கு மறுநாள்தான் கடைசி நாள் என்பதால் அது இன்னும் அவன் கோட்டுப் பையில்தான் இருந்தது. ஐந்தாம் தடத்தில் டெல்மரும் விர்ஜிலும். டெல்மர் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். விர்ஜில் அவருடைய தங்கை புருஷன். ஓய்வு பெறுவதற்கு முன்பே ஓய்விலிருந்தவர்.

டெல்மர் பந்தை விட்டார். கட்டைகள் சாய்ந்தன. சாய்ந்தவை சாய்ந்தபடியே கிடந்தன. பின்னாலிருந்து ஓர் இருமல் சத்தம் மட்டும் வந்தது.

"போச்சு!" என்றார் விர்ஜில். "ஆர்லீன், துடைப்பக்கட்டையத் தூக்கிட்டு வாம்மா."

ஆர்லீன் எழுவதற்குள் ட்ராய் பின்கதவுக்குள் போய்விட்டான். உள்ளே இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. செல்லமாக ஒரு தட்டு. இயந்திரம் மூச்சை இழுத்துக்கொண்டு கட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தியது. கூடமே கைதட்டியது. ட்ராய் கையைத் துடைத்துக்கொண்டே ஷூ கவுண்டருக்கு வந்தான்.

"இர்மா அத்தைக்கு இன்னும் அதே இடத்துலதான் தட்டணும் போல. மூட்டுவலி குறையவே இல்ல."

ஆர்லீனின் கையில் பத்தாம் நம்பர் இடதுகால் ஷூ இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

இர்மா, லாயிட்டின் அப்பாவுடைய தங்கை. ஒரு கல்யாணத்தில் போல்கா நடனம் ஆடும்போது விழுந்து, எழுந்திருக்க அவசரமே காட்டாமல் தரையிலிருந்தபடியே மீதிப் பாட்டையும் ரசித்தவள். ஐந்தாம் தடத்து இயந்திரத்துக்கு லாயிட் அந்தப் பெயரை வைத்தான். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இயந்திரங்களுக்குப் பின்னால், எண்ணெய் வாடையில், லாயிட்டோடு நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குப் பிறகு தன் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இர்மான்னு உனக்கு யார் சொன்னா?"

"மிஸ்டர் ஸாஸ்ட்ரோதான்." அவன் கொஞ்சம் குழம்பினான். "நான் இங்க வேலை பாத்தேனே மேடம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்போ?"

"எனக்குப் பதினாறு வயசுல. ஒரு கோடை முழுசும்." அதன் பிறகுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது. குரல் இறங்கியது. "நீங்க... அப்போ ஊர்ல இல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் பீரில் ஏதோ மிதப்பது தெரிந்தது. குனிந்து பார்த்தார்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் லாயிட் கூரை மாற்ற வைத்திருந்த பணத்தில் ஒரு படகு வாங்கினான். அவனுக்கு நீந்தத் தெரியாது. ஆர்லீன் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஷெபாய்கன் ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள். ஒரு தொத்திறைச்சித் தொழிற்சாலையில் கணக்கெழுதினாள். கோடை முழுவதும் அங்கேயே இருந்தாள். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மீன் வறுவல் நேரத்தில், உள்ளே வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். லாயிட் அவளை ஒருமுறை பார்த்தான். "கோஸ் சாலட் தீரப்போவுது," என்றான். அவள் கோஸ் நறுக்கினாள். அதோடு சரி. அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை, ஊரும் பேசவில்லை. அந்த வருஷம் லாங் பாண்டில் வசந்தத்துக்கு அடுத்து நேராக இலையுதிர்காலம் வந்துவிட்டதாக ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

டெல்மருக்கு எழுபத்தெட்டு வயசு. பதினெட்டு வருஷ விரதத்தை முறிக்க அவருக்கு ஒரு சாக்குதான் தேவைப்பட்டது.

"அட, அந்த ஷூ கவுண்டர் பையனா நீ! பல்லுல கம்பி மாட்டிக்கிட்டு இருப்பியே!"

"அவனேதான்!" என்றார் விர்ஜில். "எனக்கு எப்பவும் ஒரு சைஸ் சின்னதாவே குடுப்பான்."

"நீங்க ஒரு சைஸ் சின்னதாவே சொல்வீங்க சார்."

"அந்தக் காலத்துல லாயிட் பையனுக்குத் தினமும் ரெண்டு தட்டுப் போடுவான்," என்று அடுத்த தடத்திலிருந்து யாரோ. "ஒல்லிக்குச்சியா இருந்தான்."

"நிறுத்துங்க!" மூன்றாம் தடத்திலிருந்து கோர்டி கையில் பந்தோடு ஓடிவந்தான். "யாரும் எதையும் ஞாபகப்படுத்திக்கக் கூடாது! ட்ராய், லாயிட் உனக்குச் சாப்பாடு போட்டான். அவ்வளவுதான? சாப்பாடு சம்பளம் இல்ல. ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் ஒத்தாசைக்கு வந்தான். அப்படித்தான?"

"இல்ல சார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செக் குடுத்தாரு. என் வாழ்க்கையில முதல் செக். வரி பிடிச்சிருந்தாரு. என்னை உக்கார வச்சு ஒவ்வொரு வரியா விளக்குனாரு. இது வயசான காலத்துக்கு, இது கவர்ன்மென்ட்டுக்கு, இது மாநிலத்துக்குன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

கோர்டி பந்தைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்காரப் பார்த்தான். "வாழ்நாள்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மனுஷன் அரசாங்கத்தை ஏமாத்தியிருக்கக் கூடாதா?"

"அந்த வருஷம் அவனுக்கு ஏமாத்துற தைரியம் தீந்துபோச்சு," என்றார் டெல்மர். "படகோட சரி."

யாரும் சிரிக்கவில்லை. ஆர்லீன் சிரிக்கிறாளா என்று பார்த்தார்கள். அவள் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை எதுக்கு வேலைக்கு வச்சாரு?" என்றாள்.

"ஷூ குடுக்க. அப்புறம்..." ட்ராய் தயங்கினான். "முக்கியமா வெளிய கட்டை வைக்க."

"எந்தக் கட்டை?"

"பழைய பவுலிங் கட்டை ரெண்டு. காலையில வந்ததும் கதவுக்குப் பக்கத்துல இருக்குற அந்த முதல் பார்க்கிங் இடத்துல வைக்கணும். யாரும் வண்டிய விட்டுடாம பாத்துக்கணும். ராத்திரி எடுத்து உள்ள வைக்கணும். வெள்ளிக்கிழமை மட்டும் சாயங்காலம் முழுக்க நான் வெளிய நிக்கணும், கூட்டம் அதிகம்னு. எதுக்குன்னு கேட்டேன். 'அது ஆர்லீனோட இடம்'னாரு. எப்ப வருவாங்கன்னு கேட்டேன். 'அது எனக்குத் தெரியாது, ஆனா வந்தா சுத்திச் சுத்தி இடம் தேடிட்டு அப்படியே திரும்பிப் போயிடுவா, அவளுக்குப் பொறுமை கிடையாது'ன்னாரு."

ஆர்லீனுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. வாசல் முழுக்க வண்டி. மீன் வாடை தெரு வரை அடித்தது. திரும்பிவிடலாம் என்றுதான் அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். அப்போதுதான் கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நடுவில் இரண்டு கட்டைகள். பசங்களின் விளையாட்டு என்று எரிச்சலோடு இறங்கி, அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தினாள். இத்தனை வருஷமும் அதை அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நான் வந்த அன்னைக்கு நீ அங்க நிக்கலையே."

"கோஸ் வாங்கிட்டு வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பிட்டாரு மேடம். திரும்பி வந்து பாத்தா உங்க வண்டி. உள்ள போனேன். மிஸ்டர் ஸாஸ்ட்ரோ பின்பக்கம் இர்மாகிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. மெஷின் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, ஆனா அவரு தட்டிக்கிட்டே இருந்தாரு. கையில ஒரு செக்கைத் திணிச்சு, 'நாளையிலேருந்து வேணாம்பா, வேலை முடிஞ்சுது'ன்னாரு. அவ்வளவு சந்தோஷமா யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்பி நான் பாத்ததில்ல."

எட்டுத் தடத்திலும் ஆட்டம் நின்றுபோயிருந்தது. ஐந்தாம் தடத்தில் மட்டும், யாரும் பந்து விடாமலே, இர்மா ஒருமுறை இருமினாள்.

கோர்டி ஆர்லீனின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனான். வறுத்த பாலாடைக்கட்டி வாடைக்கு நடுவில் தணிந்த குரலில் பேசினான்.

"கேளு. சட்டத்தை எழுதினவன் பெரிய ஊர்க்காரன். அங்க வேலைக்கு வர்றவன் முன்னபின்ன தெரியாதவனா இருப்பான். இங்க முன்னபின்ன தெரியாத ஒருத்தன் வேணும்னா பனிப்புயல்ல வழி தப்பி வந்தாத்தான் உண்டு. கடைசியா அப்படி வந்தவன் விர்ஜில். அவனும் டெல்மர் தங்கச்சியக் கட்டிக்கிட்டு இங்கயே உக்காந்துட்டான்."

"விஷயத்துக்கு வா."

"பதினெட்டு வருஷத்துக்கு முந்தின காகிதம் யார்கிட்டயும் இருக்காது. மாநிலத்துல தோண்டிப் பாப்பானா, தெரியாது. 'இல்லை'ன்னு போட்டது போட்டபடி இருக்கு. சத்தியம் பண்ணிக் கையெழுத்து போடுற காகிதம் அது, அதனால நான் உன்னை எதுவும் பண்ணச் சொல்லல. நான் இப்போ பாத்ரூம் போறேன். எனக்கு இந்த வயசுல கொஞ்சம் நேரம் ஆகும்."

"பையன் வேலை?"

"'இல்லை'ன்னா ஏப்ரல் வரைக்கும். 'ஆமா'ன்னா வான்கோழி வரைக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான்: "ஊரே பதினெட்டு வருஷமா அப்படி ஒரு கோடை நடக்கவே இல்லன்னு சொல்லிட்டிருக்கு. அரசாங்கத்துக்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவன் போனான். அவன் எடுத்து வைத்துவிட்டுப் போன விண்ணப்பம் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில், உப்பு டப்பாவின் மேல் சாய்ந்து நின்றது. ஆர்லீன் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கதவுக்குப் பக்கத்து முதல் இடத்தில் அவள் வண்டி நின்றது. பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் வேறு யாரும் வண்டியை விட்டதில்லை. ஏனென்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கோர்டி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றாள்.

"இந்த ஊரு எனக்காகத்தான் மறைச்சுது, கோர்டி. நல்ல மனசோடதான். ஆனா நான் போனதை மறைக்கிறேன்னு, அந்த மனுஷன் கட்டை வச்சதையும் சேத்துல்ல மறைச்சிட்டீங்க?"

கோர்டி விண்ணப்பத்தைக் கையில் எடுத்தான். அவன் அந்தக் கோடை முழுவதும் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன், கட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை.

"அப்போ கிழிச்சுடட்டுமா?"

"எதுக்குக் கிழிக்கணும்? 'ஆமா'ன்னு மாத்திப் போட்டு அனுப்பு."

"'ஆமா'ன்னு போட்டா குடுக்க மாட்டான் ஆர்லீன்."

"தெரியும்."

"குடுக்க மாட்டான்னு தெரிஞ்சுக்கிட்டே விண்ணப்பமா? என் தொழில்ல இப்படி ஒரு கேவலம் நடந்ததில்ல. தபால் தலை தண்டம்."

"தபால் தலைய நான் தரேன். எங்கயாவது ஒரு காகிதத்துல அது இருக்கட்டும்."

கூடத்துக்குத் திரும்பியபோது ட்ராய் ஏப்ரன் முடிச்சில் கை வைத்திருந்தான். சமையலறைச் சுவர் மெல்லியது.

"பரவாயில்ல மேடம். டெக்சாஸ்ல பனி பெய்யாதுங்கறது ஒண்ணும் பெரிய குறை இல்ல."

"கழட்டாத. லீக் முடியல."

"அந்தக் காலத்துல," என்று ஆறுதலாக ஆரம்பித்தார் டெல்மர், "லாயிட் மட்டும் இருந்திருந்தான்னா..."

கோர்டி வெடித்தான். "இன்னும் அந்தக் காலமா? உங்க ஞாபகசக்தியால ஒரு மனுஷிக்குச் சலுகை போச்சு, ஒரு பையனுக்கு வேலை போகப்போவுது! இனிமே எவனாவது இந்தக் கூடத்துல 'அந்தக் காலத்துல'ன்னு வாயத் திறந்தா ஆளுக்கு ஒரு டாலர் வைக்கணும்!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் டெல்மர் நேர்மையானவர். பையிலிருந்து ஒரு டாலரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "அந்தக் காலத்துல," என்று தொடர்ந்தார், "லாயிட் மட்டும் இருந்திருந்தான்னா, இந்தப் பயலை வெளிய அனுப்பியிருக்க மாட்டான்." பிறகு யோசித்து இன்னொரு டாலரையும் வைத்தார். "அப்படியே, எங்க அப்பாவோட டிராக்டர் கதை ஒண்ணு இருக்கு."

ஆர்லீனின் பார்வை மதுக்கவுண்டரின் கோடிக்குப் போனது. வினிகரில் ஊறப்போட்ட முட்டைகளுக்காக லாயிட் வைத்திருந்த பெரிய கண்ணாடி ஜாடி அங்கே இருந்தது. அவனுக்குப் பிறகு யாரும் முட்டை ஊறப்போடவில்லை. ஜாடி சும்மா இருந்தது. அவள் அதைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள்.

லாங் பாண்ட் மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கஞ்சர்கள். ஒரே தேநீர்ப் பையில் இரண்டு கோப்பை போடுகிறவர்கள். ஆனால் இரண்டு பிராந்திக்கு மேல் பழசைப் பேசாமல் அவர்களால் உயிர் வாழ முடியாது. மான் வேட்டை தொடங்குவதற்கு முன்பே ஜாடி ஒருமுறை நிறைந்து காலியானது. வேட்டை தொடங்கியதும் ஆரஞ்சுச் சட்டை வேட்டைக்காரர்கள் வந்தார்கள். சுட்ட மானைவிடத் தப்பிய மான்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், எல்லாம் அந்தக் காலத்து மான்கள். தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில், நாற்பது வருஷத்துக்கு முன் ஒன்றாகப் படித்த ஒரு வகுப்பே கூட்டமாக வந்தது. அன்று மட்டும் ஜாடியை மூன்று முறை காலி செய்தார்கள். விர்ஜில் முன்பணம் கட்டி மாதச் சந்தாதாரர் ஆனார். டெல்மரின் டிராக்டர் கதைக்கு முடிவே இல்லை என்பது ஊருக்குத் தெரியும்; அது இவ்வளவு பெரிய வருமானம் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

"இதுக்கும் வரி கட்டணும்," என்றான் கோர்டி.

"எதுக்கு?"

"பழசைப் பேசுறதுல வர்ற வருமானத்துக்கு. தள்ளுபடி எதுவும் கிடையாது, நான் தேடிப் பாத்துட்டேன்."

வான்கோழி போனது. ட்ராய் போகவில்லை. டெக்சாஸ் மச்சானுக்கு ஒரு பனிப்படம் மட்டும் அனுப்பினான்.

டிசம்பரில் மாநிலத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: மேற்படி நபர் மேற்படி முதலாளியிடம் முன்பே பணிபுரிந்தவர். கீழே ஓர் அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. கோர்டி அதை இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தான். ஆர்லீன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஷூ கவுண்டருக்குப் பின்னால், லாயிட் படகில் உயிர்காப்பு மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"நிராகரிச்ச காகிதத்தை யாராவது மாட்டுவாங்களா?" என்றான் கோர்டி.

"நல்லா படி. நீ இங்க வேலை பாத்தவன்னு உனக்கு அரசாங்கம் எழுதிக் குடுத்திருக்கா? அவனுக்குக் குடுத்திருக்கு."

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஆளே இல்லை. ட்ராய் ஷூக்களை நம்பர் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஆர்லீன் கவுண்டருக்கு மறுபக்கம் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஜாடியில் ஒரு டாலரைப் போட்டாள்.

"மழை பேஞ்சா என்ன பண்ணுவ? கட்டை நனையுமே?"

"கோணி போட்டு மூடச் சொல்வாரு மேடம்."

"யாராவது அதை மீறி வண்டிய விட்டாங்களா?"

"ஒருத்தர் விட்டாரு. விர்ஜில் சார். மிஸ்டர் ஸாஸ்ட்ரோ அவருக்கு ஒரு வாரம் மீன் போடல."

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் வேறு ஏதோ தொடங்கிவிடும் போலிருந்தது. கோட்டுப் பையைத் துழாவினாள். இருபது டாலர் நோட்டு ஒன்று அகப்பட்டது. அதை ஜாடிக்குள் விட்டாள்.

"மேடம், ஒரு டாலர்தான்."

"தெரியும். முதல் நாள்லேருந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

ட்ராய் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"முதல் நாள் சரியான வெயில் மேடம்," என்றான். "அவரு சட்டையில பித்தான் மாறிப் போட்டிருந்தாரு."